தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரு நிலையத்தில் எடுத்து வேறொரு நிலையத்தில் விட்டுச் செல்லும் பொது மிதிவண்டித் திட்டங்களைப் பற்றி வாசகர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாராட்டைவிடச் சந்தேகமே மிகுதி. ஒரே பொருளைப் பல கடிதங்கள் கேட்டிருந்ததால், அவற்றில் தெளிவாக எழுதப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் தெருவில் மிதிவண்டி நிலையம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததுமே, குடியிருப்போர் நலச்சங்கத்தில் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். மற்ற ஊர்களிலும் மக்கள் இப்படித்தான் நடந்துகொண்டார்களா? (சென்னை வாசகர்)

பதில்: ஆம். இதற்குச் சரியான எடுத்துக்காட்டு நியூயார்க். அந்நகரத்தின் சிட்டி பைக் திட்டம் 2013 மே 27 அன்று ஏறக்குறைய 6,000 மிதிவண்டிகளோடும் 330 நிலையங்களோடும் தொடங்கியது. தொடங்குவதற்கு முந்தைய மாதங்களில், தங்கள் வாசலில் நிலையம் வந்தால் குப்பை வண்டி எங்கே நிற்கும், தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும், பழைய கட்டடங்களின் அழகு என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டு மன்ஹாட்டன்வாசிகள் கூட்டங்களில் சண்டையிட்டார்கள். சில கட்டட உரிமையாளர்கள் வழக்கும் தொடுத்தார்கள். நிலையம் என்பது கார்கள் நிற்கும் இடத்தைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது என்பதால், அந்தக் கோபத்தில் ஒரு பகுதி மிதிவண்டியின் மேல் வந்ததே அல்ல. இலவசமாகக் கார் நிறுத்திவந்த இடம் பறிபோனதால் வந்தது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் கட்டத்தில் நிலையங்கள் மன்ஹாட்டனின் தென்பாதியிலும் புரூக்ளினின் சில பகுதிகளிலும் மட்டுமே அமைக்கப்பட்டன. திட்டம் ஓடத் தொடங்கியதும், "எங்கள் வாசலில் ஏன்?" என்ற கேள்வி மெல்ல அடங்கி, "எங்கள் பகுதிக்கு ஏன் இல்லை?" என்ற கேள்வி வேறு திசைகளிலிருந்து எழுந்தது. குவீன்ஸ் பகுதிக்கு முதல் நிலையங்கள் 2015இல்தான் வந்தன. ஏழைகள் மிகுந்த பிராங்ஸ் பகுதி 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. இன்று அத்திட்டத்தில் 30,000க்கும் மேற்பட்ட மிதிவண்டிகள் இருக்கின்றன. ஆகவே, உங்கள் சங்கத்தின் தீர்மானத்தைக் கடைசித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். அதில் குறிப்பிட்டிருக்கும் இடம் உண்மையிலேயே குறுகலான திருப்பமாகவோ பள்ளி வாசலாகவோ இருக்கலாம். திட்டத்தை எதிர்ப்பதும் இடத்தை எதிர்ப்பதும் ஒன்றல்ல என்பதை மாநகராட்சியும் சங்கமும் உணர்ந்தால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: உண்மையில் பயன்படுத்துகிறவர்கள் எதைப் பற்றி அதிகமாகக் குறைகூறுகிறார்கள்? வாடகையைப் பற்றியா, வண்டியின் தரத்தைப் பற்றியா? (சேலம் வாசகி)

பதில்: இரண்டையும்விட அதிகமாகக் கேட்கும் குறை வேறு: எடுக்கப் போனால் வண்டி இல்லை, விடப் போனால் இடமில்லை.

பாரிஸ் நகரத்தின் வெலிப் திட்டம் 2007 ஜூலை 15 அன்று தொடங்கி, சில ஆண்டுகளிலேயே 20,000 அளவிலான மிதிவண்டிகளையும் 1,200 அளவிலான நிலையங்களையும் கொண்ட பெரிய அமைப்பாக வளர்ந்தது. ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு நிலையம் என்ற கணக்கில் அமைத்திருந்தார்கள். ஆண்டுக் கட்டணம் அப்போது 29 யூரோ. ஒவ்வொரு பயணத்திலும் முதல் அரை மணி நேரம் இலவசம். இவ்வளவு குறைந்த செலவில் கிடைத்ததால் வாடகையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பாரிஸ் சமதளமான ஊர் அல்ல. மோன்மார்த்ர், பெல்வில் போன்ற மேட்டுப் பகுதிகளில் வசிப்பவர்கள் காலையில் மிதிவண்டியில் சுகமாகச் சரிவில் இறங்கி வேலைக்குப் போனார்கள். மாலையில் இருபது கிலோவுக்கும் மேல் எடையுள்ள அந்த வண்டியை மேட்டில் மிதித்து ஏற மனமின்றி மெட்ரோ ரயிலில் வீடு திரும்பினார்கள். விளைவாக, மேட்டு நிலையங்கள் காலியாகவும் ஆற்றை ஒட்டிய நிலையங்கள் நிரம்பியும் கிடந்தன. வண்டிகளை லாரியில் ஏற்றி மீண்டும் மேலே கொண்டுபோய் வைப்பது நிறுவனத்துக்குப் பெரிய செலவாயிற்று. 2008இல் ஒரு சலுகையை அறிவித்தார்கள்: மேட்டில் உள்ள குறிப்பிட்ட ஏறக்குறைய நூறு நிலையங்களில் வண்டியைக் கொண்டுவந்து விடுபவர்களுக்குக் கூடுதலாக 15 நிமிட இலவச நேரம் கணக்கில் சேரும். பொதுமக்களின் புலம்பலை அறிவுரையால் அல்லாமல் கணக்கால் எதிர்கொண்ட முறை என்பதால் எனக்கு இது பிடித்திருக்கிறது.

அடுத்த பெரிய குறை, பழுதான வண்டி. நிலையத்தில் பத்து வண்டிகள் நிற்பதாகக் கைப்பேசி சொல்லும். போய்ப் பார்த்தால் மூன்றில் சங்கிலி இல்லை, இரண்டில் சக்கரத்தில் காற்றில்லை. பாரிஸ் மக்கள் இதற்குத் தாங்களாகவே ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். பழுதான வண்டியைத் திருப்பி விடுபவர் அதன் இருக்கையைப் பின்புறமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அடுத்து வருகிறவர் தொலைவிலிருந்தே பார்த்து அதைத் தவிர்த்துவிடுவார். எந்தச் சுற்றறிக்கையும் இல்லாமல் பரவிய வழக்கம் இது. மக்கள் கருத்து என்பது கருத்துக்கணிப்புப் படிவத்தில் மட்டும் இருப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நிலையத்தில் எத்தனை இருக்கைகள் திரும்பியிருக்கின்றன என்று எண்ணினாலே, அந்த ஊரில் திட்டத்தின் மேல் எவ்வளவு நம்பிக்கை மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

நம்பிக்கை எவ்வளவு விரைவாகக் கரையும் என்பதையும் அதே நகரம் காட்டியது. 2018 ஜனவரி 1 அன்று திட்டத்தை நடத்தும் பொறுப்பு ஜேசிடெக்கோ என்ற விளம்பர நிறுவனத்திடமிருந்து ஸ்மோவெங்கோ என்ற கூட்டமைப்புக்கு மாறியது. அன்றைக்குள் ஏறக்குறைய 600 நிலையங்கள் தயாராகியிருக்க வேண்டும்; நூறுகூடத் தயாராகவில்லை. பல நிலையங்களுக்கு மின் இணைப்பே வரவில்லை. பத்து ஆண்டுகளாக மிதிவண்டியை நம்பி வேலைக்குப் போனவர்கள் சில மாதங்கள் தெருவில் நின்றார்கள். அந்நகரத்தில் திட்டத்தின் மேல் பாய்ந்த மிகக் கடுமையான கோபம் எதிரிகளிடமிருந்து வந்ததல்ல. அன்றாடம் பயன்படுத்தியவர்களிடமிருந்து வந்தது.

கேள்வி: இதெல்லாம் வெளிநாட்டில் நடக்கும். பொதுச் சொத்தைப் பாதுகாக்கும் பழக்கம் நம் மக்களிடம் இல்லை. ஒரே மாதத்தில் மணியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒத்துக்கொள்கிறீர்களா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: மணியைக் கழற்றுவார்கள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அது நம் மக்களின் தனிக்குணம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மேலே சொன்ன பாரிஸிலேயே, முதலில் இறக்கப்பட்ட 20,600 வண்டிகளில் ஏறக்குறைய 80 விழுக்காடு 2009க்குள் திருடப்பட்டன அல்லது சேதப்படுத்தப்பட்டன என்று செய்தி வந்தது. இது வசதி படைத்தவர்களின் விளையாட்டுப் பொருள் என்று புறநகர் இளைஞர்கள் கருதியதே இதற்குக் காரணம் என்று அப்போது அங்கே ஒரு விளக்கம் சொல்லப்பட்டது. நிலையத்தில் வண்டியைப் பூட்டும் கொக்கி பலவீனமாக இருந்தது என்பது இன்னொரு காரணம். கொக்கியைப் பலப்படுத்துவது சமூகத்தைத் திருத்துவதைவிட எளிது என்பதால் அதைத்தான் செய்தார்கள். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2017இல், பயணம் முடிந்த இடத்திலேயே வண்டியை விட்டுச் செல்லும் நிலையமே இல்லாத முறையில், மோபைக் நிறுவனம் மிதிவண்டிகளை விட்டது. திருட்டும் சேதமும் தாங்காமல் 2018 செப்டம்பரில் அந்நகரத்தை விட்டே வெளியேறியது.

நம்மூரில் முன்பு தெருவுக்குத் தெரு இருந்த, மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சைக்கிள் கடையை எண்ணிப் பாருங்கள். மட்கார்டில் பெயிண்டால் எழுதிய எண், கடைக்காரரின் நோட்டுப் புத்தகத்தில் நம் பெயர், அப்பாவின் பெயர், வண்டி எடுத்த நேரம். யாரும் வண்டியோடு ஓடிவிடவில்லை. காரணம் நம் ஒழுக்கம் மட்டுமல்ல, கடைக்காரருக்கு நம் வீடு தெரியும். பொது மிதிவண்டித் திட்டத்தில் அந்த அறிமுகத்தின் இடத்தில் வங்கி அட்டையும் கைப்பேசி எண்ணும் வந்து அமர்ந்திருக்கின்றன. பாரிஸில் வண்டியைத் திருப்பித் தராதவர்களின் கணக்கிலிருந்து 150 யூரோ வரை பிடித்துக்கொள்ள வழி செய்திருந்தார்கள். எடுத்தவர் யார் என்று தெரிந்த வண்டி பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். தெருவில் நிற்கும்போது யாரோ வந்து உடைப்பதுதான் சிக்கல். அதற்குத் தேவையானவை நல்ல பூட்டும் வெளிச்சமான இடமும் தினமும் வந்து பார்க்கும் ஒரு பணியாளரும்.

ஆம்ஸ்டர்டாமில் 1965இல் ப்ரோவோ என்ற இளைஞர் இயக்கத்தினர் சில மிதிவண்டிகளுக்கு வெள்ளை அடித்து, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று பூட்டில்லாமல் தெருவில் விட்டார்கள். அவற்றை முதலில் எடுத்துப் போனவர்கள் திருடர்கள் அல்லர், காவல் துறையினர். பூட்டாத மிதிவண்டியைத் தெருவில் விடக் கூடாது என்று அங்கே விதி இருந்தது. உடனே இளைஞர்கள் எண் பூட்டு மாட்டி, அந்த எண்ணை வண்டியின் மேலேயே பெயிண்டால் எழுதி வைத்தார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் மிதிவண்டி நிறுவனம் ஒன்றுக்கு நான் கட்டிய முன்பணம் திரும்பி வரவில்லை. அதன்பின் இத்தகைய திட்டம் எதையும் நம்ப முடியவில்லை. என் கருத்து தவறா? (சிங்கப்பூர் வாசகி)

பதில்: தவறே அல்ல. நடந்தது என்ன என்று மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017இல் சிங்கப்பூருக்கு நிலையமில்லா மிதிவண்டி நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஓபைக் என்ற நிறுவனம் பயனர் ஒவ்வொருவரிடமும் 49 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) முன்பணம் வாங்கியது. 2018 ஜூன் 25 அன்று சேவையை நிறுத்துவதாகத் திடீரென்று அறிவித்தது. பெரும் எண்ணிக்கையிலான பயனர்களின் முன்பணம் சிக்கிக்கொண்டது. சீனாவில் இதே கதை பன்மடங்கு பெரிதாக நடந்தது. ஓஃபோ நிறுவனம் வாங்கிய முன்பணம் முதலில் 99 யுவான், பிறகு 199 யுவான். 2018 டிசம்பரில் பெய்ஜிங்கில் அதன் அலுவலகத்துக்கு வெளியே கடுங்குளிரில் மக்கள் வரிசையில் நின்றார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு இணையத்தில் பதிவுசெய்தவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள்.

ஒருவருடைய பணம் சிறிய தொகைதான். ஆனால் பல இலட்சம் பேரின் சிறிய தொகை சேர்ந்தால் அது நிறுவனத்துக்கு வட்டியில்லாக் கடன். வாடகையாக வருவது சில்லறை. முன்பணமாக வருவது மூட்டை. எனவே, ஓடும் வண்டியைப் பராமரிப்பதைவிடப் புதிய பயனரைச் சேர்ப்பதே ஆதாயம் என்று ஆகிவிட்டது. தெருவில் வண்டிகள் தேவைக்கு மேல் குவிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சிங்கப்பூரில் பயன்படுத்தாதவர்களின் கோபமும் இதே அளவுக்கு இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) புளோக்குகளின் கீழ்த்தளத்திலும் நடைபாதையின் குறுக்கிலும் கால்வாய்களிலும்கூட மிதிவண்டிகள் கிடந்தன. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் அது தொல்லை மட்டுமல்ல, தடை. 2018 மார்ச்சில் சட்டம் திருத்தப்பட்டு உரிமம் கட்டாயமானது. எத்தனை வண்டிகளை விடலாம் என்பதை நிலப் போக்குவரத்து ஆணையம் முடிவுசெய்யத் தொடங்கியது. 2019 ஜனவரி முதல், வண்டியை நிறுத்தும் இடத்தில் உள்ள கியூஆர் குறியீட்டை வருடினால்தான் பயணம் முறையாக முடிந்ததாகக் கணக்கு. தவறினால் 5 வெள்ளி கூடுதல் கட்டணம். பல நிறுவனங்கள் வெளியேறிவிட்டன. இந்த விதிகளை ஏற்று நடத்த வந்தவை தொடர்ந்தன. இந்த ஒழுங்கு முதல் நாளிலேயே இருந்திருந்தால் உங்கள் கடிதம் வந்திருக்காது. முன்பணம் கேட்கும் எந்தத் திட்டத்திலும், அந்தப் பணம் தனிக் கணக்கில் வைக்கப்படுகிறதா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். பதில் சொல்லத் தயங்கினால் சேராதீர்கள்.

கேள்வி: தலைக்கவசம் இல்லாமல் இப்படிப் பொதுமக்களைச் சாலையில் விடுவது சரியா? (மதுரை மருத்துவர்)

பதில்: மருத்துவரின் கவலை புரிகிறது. இருப்பினும் மெல்போர்னில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1990 முதல் மிதிவண்டிக்கும் தலைக்கவசம் கட்டாயம். 2010இல் மெல்போர்ன் ஒரு திட்டத்தைத் தொடங்கி, படிப்படியாக 600 மிதிவண்டிகள், 50 நிலையங்கள் என்ற அளவுக்குக் கொண்டுவந்தது. தற்செயலாக ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்று நினைப்பவர் கையில் தலைக்கவசம் இருக்காது என்பதால் வண்டிகள் நின்றபடியே இருந்தன. கடைகளில் 5 டாலருக்குத் தலைக்கவசம் விற்றார்கள். பிறகு வண்டியோடு இலவசமாகவே வைத்தார்கள். அடுத்தவர் அணிந்ததைத் தலையில் வைக்கப் பலர் விரும்பவில்லை. 2019 நவம்பரில் திட்டம் மூடப்பட்டது. அதைவிடச் சிறியதாக, 450 வண்டிகளோடு 2009இல் தொடங்கிய டப்ளின் திட்டம், அத்தகைய சட்டம் இல்லாத நாட்டில் பெரும் வரவேற்பைப் பெற்றது. தலைக்கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அணிவது நல்லது. ஆனால் மிதிவண்டிக்காரரைக் காப்பது முதலில் தனிப்பாதையும் மோட்டார் வாகனங்களின் வேகக் கட்டுப்பாடும். அவற்றைச் செய்யாத நிர்வாகம், பொறுப்பு முழுவதையும் மிதிப்பவரின் தலைமேல் வைப்பது நியாயமில்லை.

கேள்வி: மைசூரில் நிலைத்தது கோவையிலும் சென்னையிலும் ஏன் அப்படி வேரூன்றவில்லை? (கோவை வாசகர்)

பதில்: மைசூருவின் ட்ரின் ட்ரின் திட்டம் 2017 ஜூனில் 450 மிதிவண்டிகளோடும் 48 நிலையங்களோடும் தொடங்கியது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவி இருந்தது. மாநகராட்சியும் கர்நாடக அரசின் நகர நிலப் போக்குவரத்து இயக்ககமும் பின்னால் நின்றன. மைசூரு அளவான ஊர். அரண்மனை, விலங்குக் காட்சிச்சாலை, பேருந்து நிலையம், கல்லூரிகள் எல்லாம் மிதிவண்டித் தொலைவுக்குள் அடங்கிவிடும். உள்ளூர் மாணவரும் சுற்றுலாப் பயணியும் ஒரே வண்டியை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்த முடியும். அங்கும் பழுது, பராமரிப்பு பற்றிய குறைகள் உண்டு. இருந்தாலும், குறை சொல்வதற்கு ஓர் அலுவலகம் அதே ஊரில் இருந்தது.

உங்கள் கோவைக்கு 2018இல் வந்தது, மேலே சொன்ன அதே சீன ஓஃபோ. அதே ஆண்டின் நடுவில் அந்நிறுவனம் இந்தியாவையே விட்டுப் போனது. அதைக் கோவை மக்களின் ஆதரவின்மை என்று எழுதுவது அநியாயம். பெய்ஜிங்கில் எடுத்த முடிவுக்குப் பேரூர்ச் சாலையில் காரணம் தேடுவதாக ஆகும். சென்னையில் 2019இல் ஸ்மார்ட் சிட்டி நிறுவனத்தின் வழியே தொடங்கிய திட்டம் வேறு வகை. நிலையங்கள் இருந்தன, கைப்பேசியால் திறக்கும் பூட்டு இருந்தது. ஆனால் வண்டியை எடுத்தவர் அதை ஓட்டிச் செல்லத் தனிப்பாதை பெரும்பாலும் இல்லை. மாநகரப் பேருந்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே மிதிக்கும் துணிச்சல் எல்லோருக்கும் வராது, அதிலும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் வராது. அதனால் கடற்கரையிலும் பூங்கா ஓரத்திலும் காலை நேர உடற்பயிற்சிக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து அலுவலகத்துக்குப் போக நம்பியவர்கள் குறைவு. சென்னையின் வெயிலைக் காரணம் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இதே வெயிலில்தான் கட்டடத் தொழிலாளர்களும் பால் போடுகிறவர்களும் சொந்த சைக்கிளில் இன்றும் போய்வருகிறார்கள். அவர்களின் கருத்தை இத்திட்டங்களுக்காக யாராவது கேட்டிருந்தால், வழித்தடம் வேறு விதமாக அமைந்திருக்கும்.

கேள்வி: வரிப்பணத்தில் இதை நடத்துவது வீண் செலவல்லவா? தனியாரே நடத்தட்டுமே? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: தனியார் நடத்தினால் யாருக்கு நடத்துவார்கள் என்பதையும் கேட்க வேண்டும். நியூயார்க்கில் சிட்டி வங்கி ஐந்து ஆண்டுகளுக்கு 4.1 கோடி டாலர் கொடுத்துத் தன் பெயரைச் சூட்டிக்கொண்டது. நகரத்தின் வரிப்பணம் செலவாகவில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். வாடிக்கையாளர் நிறைந்த பகுதிகளுக்கு நிலையம் முதலில் போனதற்கும், பிராங்ஸ் ஏழு ஆண்டுகள் காத்திருந்ததற்கும் அந்தப் பெருமையோடு தொடர்பு உண்டு. பாரிஸ் தொடக்கத்தில் வேறு வழியைக் கையாண்டது: நகரத்தின் விளம்பரப் பலகைகளுக்கான உரிமையை ஜேசிடெக்கோவுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக மிதிவண்டிகளை வாங்கிக்கொண்டது. நகரம் நேரடியாகப் பணம் கொடுக்காததால் அது இலவசம் போலத் தோன்றியது. விளம்பர வருவாயை விட்டுக்கொடுத்ததும் செலவுதானே. லண்டனில் 2010இல் பார்க்லேஸ் வங்கியின் பெயரோடு வந்த மிதிவண்டியை மக்கள் "போரிஸ் பைக்" என்று அன்றைய மேயரின் பெயரால் அழைத்தார்கள். பணம் கொடுத்த வங்கிக்கும் பெயர் நிற்கவில்லை, திட்டத்தை முதலில் அறிவித்த முந்தைய மேயர் கென் லிவிங்ஸ்டனுக்கும் நிற்கவில்லை. பேருந்துக்கு மானியம் கொடுப்பதை வீண் என்று நாம் சொல்வதில்லை. அதே அளவுகோலை இதற்கும் வைத்து, ஒரு பயணத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லிக் கேட்பதுதான் முறை.

கேள்வி: பாரிஸைப் போல இங்கும் மக்களிடம் நேரடியாக வாக்கெடுப்பு நடத்தி முடிவு செய்தால் என்ன? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நீங்கள் குறிப்பிடும் வாக்கெடுப்பு மிதிவண்டிக்காக நடந்ததல்ல, வாடகை மின் ஸ்கூட்டர்களுக்காக 2023 ஏப்ரல் 2 அன்று நடந்தது. வாக்களித்தவர்களில் 89 விழுக்காட்டினர் ஸ்கூட்டர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த ஆகஸ்டு முடிவதற்குள் ஏறக்குறைய 15,000 ஸ்கூட்டர்கள் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டன. ஆனால் வாக்குரிமை இருந்தவர்களில் வாக்களித்தவர்கள் 8 விழுக்காட்டுக்கும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் நடைபாதையில் இடறி வெறுத்தவர்கள். ஸ்கூட்டரைப் பயன்படுத்திய இளைஞர்களில் பெரும்பாலோர் வரவில்லை. முடிவு செல்லாது என்று நான் சொல்லவில்லை. வராதவர்கள் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. ஆனால் வேண்டும், வேண்டாம் என்ற இரண்டே பதிலுக்குள் மக்கள் கருத்தை அடைத்தால், நிறுத்துமிடத்தை மாற்று, எண்ணிக்கையைக் குறை, இரவில் பழுது பார் என்ற பயனுள்ள பதில்கள் வெளியே நின்றுவிடும். பலரின் எரிச்சல் உண்மையில் அந்த மூன்றாவது வகைப் பதிலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

புதுச்சேரியில் உங்கள் நகராட்சிக்கு எழுதுவதாக இருந்தால், திட்டம் நல்லதா கெட்டதா என்று எழுத வேண்டாம். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எங்கிருந்து எங்கே போக உங்களுக்கு வண்டி தேவைப்படுகிறது என்று எழுதுங்கள். வண்டி நிறுத்தக் கூடாத இடம் எது என்பதையும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.